மாப்பிள்ளையின் இன்னொரு படம்

“இது உங்கட மகன்தானே, தங்கச்சி?”

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளே. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு மனுசன் எப்படித் துள்ளினார், பிறகு எப்படி அடங்கினார் என்று சொல்கிறேன். உங்கள் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கேட்டவர் சிவானந்தன். ஒஸ்லோவில் மெட்ரோ போய் முடிகிற வெஸ்ட்லியில், ஒன்பதாம் மாடியில் அவருடைய வீடு. பதில் சொல்லவேண்டியவர் ஞானமலர். மகன் கிருஷிகனுக்குச் சிவானந்தனின் மகள் ராகவியைக் கேட்டு, ஸ்தவாங்கரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் முன்பே மனம் ஒத்துப்போனவர்கள். பெற்றவர்கள் தலையாட்டவேண்டியதுதான் பாக்கி.

பற்றிஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் சிவானந்தன் ஒரு படத்தை எடுத்து வைத்தார். தலை கலைந்து, கண் வீங்கி, பின்சுவரில் உயரம் அளக்கும் கோடுகளோடு கிருஷிகன் நின்றான்.

எண்ணெய்க் கம்பனி அவனை டெக்சாசுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே மாவட்டச் சிறைக்குள் ஒரு கால் வைத்தாலே போதும், பெயரும் படமும் இன்ரநெற்றில் ஏறிவிடும். அதை அறிந்த நாளிலிருந்து சிவானந்தனுக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கிற எந்த மாப்பிள்ளையை யாருக்குப் பேசினாலும், உடனே கொம்பியூற்றரில் பெயரைத் தட்டிப் பார்ப்பார். நோர்வேப் பொலிஸ் இப்படிப் படம் போடுவதில்லை என்பது அவருடைய பெரிய மனக்குறை. போட்டால் வெஸ்ட்லியில் பாதிப்பேரின் முகத்தை அதிலே பார்க்கலாம் என்பார்.

“ஓம், என்ரை மகன்தான்,” என்றார் ஞானமலர்.

நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். காரை வேகமாக ஓட்டியதற்கு ஒரு வழக்கு. வழக்குக்குப் போகவேண்டிய நாளில் அவன் தகப்பனுடைய செத்தவீட்டுக்கு ஸ்தவாங்கர் வந்திருந்தான். திரும்பிப் போனதும் பிடித்து ஓர் இரவு உள்ளே வைத்தார்கள். காலையில் காரணத்தைச் சொன்னதும் நீதிபதி விட்டுவிட்டார். ராகவிக்கும் இது தெரியும்.

“எல்லாக் கள்ளனுக்கும் ஒரு செத்தவீடு இருக்கும்,” என்றார் சிவானந்தன்.

அடுக்களை வாசலில் நின்ற ராகவியின் முகம் கறுத்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று மனைவி விமலாதேவி கண்ணால் கெஞ்சினாள். கண்ணால் கெஞ்சி நிறுத்தக்கூடிய ஆளா அவர்? மறியல் சாப்பாடு, அதுதான் சிறைச் சாப்பாடு, மகனுக்குப் பிடித்ததா, கலியாண அல்பத்தில் இதை முதற்பக்கத்தில் ஒட்டுவோமா, மணவறைக்கும் விலங்கோடுதான் வருவாரா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ஞானமலர் கண்ணை மூடி, தலையைச் சரித்து, வானொலி கேட்பவர்போல இருந்தார். மனுசி வெட்கத்தில் கூனிப்போனாள் என்று சிவானந்தனுக்கு உள்ளூரச் சந்தோசம். ஞானமலரின் குரலை முன்பு எங்கோ கேட்டது போலவும் இருந்தது. ஏதாவது கோயில் திருவிழாவில் கேட்டிருப்பேன் என்று தள்ளிவிட்டார்.

நடுவிலே ஞானமலர் ஒன்று மட்டும் கேட்டார்.

“அண்ணை, நோர்வேக்கு வந்த புதிசிலை எங்கை இருந்தனீங்கள்?”

வடக்கே, குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஓர் ஊரில், அகதி முகாமில் இருந்ததாகவும், அப்போது அங்கே வேறு தமிழ் முகமே இல்லை என்றும் பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர் விட்ட இடத்துக்கே வந்தார்.

“கேளுங்கோ தங்கச்சி. எங்கட பரம்பரையிலை மறியல் வாசல் மிதிச்ச ஒருத்தரும் இல்லை. நாட்டிலை அவ்வளவு பிரச்சினை நடந்தும், என்னை ஒரு ஆமிக்காரன் ஒரு மணித்தியாலம் மறிச்சு வைச்சதில்லை. அம்மாளாணை உண்மை. இப்பிடிப்பட்ட வீட்டிலை உங்கட மகன் கால் வைக்கேலாது.”

ஞானமலர் கண்ணைத் திறந்தார். கோபிக்கவுமில்லை, அழவுமில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பற்றிஸ் நல்ல ருசி என்று விமலாதேவியிடம் சொன்னார். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். சிவானந்தன் லிஃப்ற் வரைக்கும் கூடப் போனார். வென்றவர் அல்லவா, தோற்றவரை வழியனுப்பாமல் இருப்பாரா? லிஃப்ற் கதவு திறந்தபோது ஞானமலர் அவர் பக்கம் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

சிவானந்தன் வீட்டுக்குள் திரும்பி வந்தார். படத்தை எடுத்து நாலாய், எட்டாய்க் கிழித்தார்.

“பெடியன் நல்ல பெடியன். தையிலை நாள் பாப்பம்,” என்றார்.

ராகவி வாய் பிளந்து நின்றாள். அந்த மனுசி என்ன சொன்னவ என்று விமலாதேவி துருவித் துருவிக் கேட்டாள். சிவானந்தன் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

“அண்ணை, அகதி விசாரணையிலை ‘ரெண்டு வருசம் மறியலிலை கிடந்தனான், அம்மாளாணை உண்மை’ எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல, அதைப் பொலிஸ்காரனுக்கு ரெலிபோனிலை நோர்வேஜிய மொழியிலை சொல்லிக்கொடுத்த பெட்டை நான்தான். அதைக் கேட்டுத்தான் உங்களுக்கு விசா தந்தவங்கள். அண்டைக்கு உங்களுக்காக நானும் அழுதனான். முப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை, இனியும் சொல்லமாட்டன். அது பொய்யோ, இது பொய்யோ எண்டும் கேக்கமாட்டன்.”

உங்கள் வீட்டில் நல்ல சம்பந்தங்கள் கூடட்டும், என் கண்ணுகளே. வாசலுக்கு வருகிறவர்கள் மனம் குளிர்ந்து போகட்டும்.