நாலாம் நம்பர் புள்ளி

"நாலாம் நம்பர் ரீஜெனை இடம் மாத்தினது யாரு?"

மேனேஜர் லூதியா மேடம் கேட்டதும் மீட்டிங்கில் எல்லாரும், இடம் பார்த்துவரப் போகிற பாசோவைப் பார்த்தோம்.

"நான்தான் மேடம்," என்றார் பாசோ.

இன்டர்நெட் கேபிளின் கண்ணாடி இழையில் ஓடுகிற ஒளி, ரொம்ப தூரம் போனால் சோர்ந்துபோகும். அதைப் புதுசாக்கி அனுப்ப வழியில் ஒரு ஷெட் வேண்டும். அதுதான் ரீஜென். எங்கே போடணும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணி மேப்பில் புள்ளி வைக்கும். மகாஸர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு ஊர்ப் பெயரெல்லாம் கிடையாது, வெறும் நம்பர்தான்.

"கம்ப்யூட்டர் காட்டினது ரோட்டோரம், சமதரை, அரசாங்க நிலம். நீங்க அதை மலைமேல உங்க மச்சான் காபித் தோட்டத்துல கொண்டுபோய் வச்சிருக்கீங்க. தூரம் கூடிப்போய் இன்னொரு ஷெட் வேற போடணும்."

"மச்சான் நிலத்தைச் சும்மாதான் தர்றான் மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சும்மா தருகிற மச்சானை யார் பார்த்திருக்கிறார்கள்?

"பழைய இடத்துக்கு என்ன குறை?"

"அங்க தோண்ட வேணாம் மேடம்."

"அதான் ஏன்?"

"தனியாச் சொல்றேனே."

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இல்லைன்னா உங்களை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி இன்னிக்கே ஜகார்த்தா ஹெட் ஆபீஸுக்கு எழுதிடுவேன்."

பாவம், அவருக்கு ரெண்டு பெண்கள், காலேஜில் படிக்கிறார்கள். மனுஷன் அப்பவும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கே எரிச்சலாக வந்தது.

"பொட்டல் நிலம். ஒரு வீடு கிடையாது. அங்க தோண்டினா யார் வந்து கேட்கப்போறாங்க?" என்றார் மேடம்.

பாசோ குனிந்த தலை நிமிராமல் கேட்டார். "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு மேடம்?"

மேடம் மலைநாட்டுத் தொராஜா இனத்துக்காரர். ஈமச்சடங்கு முடிகிறவரைக்கும் அவர்கள் யாரையும் செத்துப்போனதாகச் சொல்லமாட்டார்கள், உடம்பு சரியில்லை என்பார்கள். மலை சரிந்து அவர் ஊரையே மூடினபோது அம்மாவின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் சடங்கு ஏது? அன்றையிலிருந்து நாங்களும் அப்படித்தான் விசாரிக்கிறோம்.

"அப்படியேதான் இருக்காங்க." மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க ஊர்ப் பேரை மேப்புலேருந்து எடுத்துட்டாங்க மேடம். அவங்க படுத்திருக்கிற இடத்துலதான் கம்ப்யூட்டர் புள்ளி வச்சிருக்கு."