சொறிகல்

மிஸ் ஆட்லி கையுறையைக் கழற்றிவிட்டு எங்கள் மேய்ச்சல் நிலத்துக் கல்லைத் தொட்டார். தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

பழங்காலச் சின்னங்களைப் பார்த்துச் சான்று தருவதற்காக லண்டனிலிருந்து வந்தவர். இந்தக் கல் பழசு என்று அவர் சொல்லிவிட்டால், எங்கள் நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு வரவிருக்கும் புதுச் சாலை விலகிப் போகும். சொல்லாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு கார்ன்வாலை விட்டே போகவேண்டியதுதான்.

"எவ்வளவு வழவழப்பு. எத்தனை தலைமுறை கும்பிட்டுத் தடவியிருந்தா கல்லு இப்படி ஆகும்," என்றார்.

தடவியது மாடுகள். அதுவும் பின்பக்கத்தால்.

அரிப்பெடுத்தால் மாடுகள் வேலியில் உரசி உரசியே அதைச் சாய்த்துவிடுகின்றன என்று எங்கள் அப்பா நட்ட கல் அது. நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னவன் நான். நேராக இல்லை. இப்போதும் இல்லை.

வருஷத்திலேயே நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசையைத்தான் அந்தச் சாய்வு காட்டுகிறது என்று மிஸ் ஆட்லி கண்டுபிடித்தார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே பயமும். பொய் சொல்ல எனக்கு நாக்குப் புரளாது. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி லவ்டே இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இவங்க தாத்தா காலத்துல முதல் பாலை இந்தக் கல்லுக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவாங்களாம் மேடம்."

கூசாமல் சொன்னாள். சேப்பலில் ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்று பாடுகிறவள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பசு டச்சஸ் ஆடி அசைந்து வந்தது. கல்லில் பின்பக்கத்தைச் சாய்த்து நிதானமாக, சுகமாகச் சொறிந்துகொண்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மிஸ் ஆட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லா ஜீவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு பாருங்க," என்றார்.

நாலாயிரம் வருஷம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. இனி அந்த மகாராணியே வந்தாலும் கல்லை அசைக்க முடியாதாம். லவ்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

சாலை எந்தப் பக்கம் விலகும் என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

மிஸ் ஆட்லி வரைபடத்தைக் காற்றில் பறக்காமல் கல்லின் மேல் விரித்து அழுத்திப் பார்த்தார். தெற்கே சதுப்பு நிலம், அங்கே சாலை நிற்காது, வடக்கேதான் தள்ளுவார்கள் என்றார்.

வடக்கே எங்கள் வீடு இருக்கிறது.

"வீடு இன்னொண்ணு கட்டிக்கலாம் டென்சில். இப்படி ஒரு கல்லை இனிமே யாரால நட முடியும், சொல்லுங்க," என்று மிஸ் ஆட்லி என்னைத் தேற்றினார்.

எங்கள் அப்பாவால் முடிந்தது என்றேன். யுத்தத்துக்கு முந்தின வருஷம், மாடு சொறிய நட்டது, கூட நின்றதே நான்தான் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லவ்டேயும் அழுதுகொண்டே ஆமாம் ஆமாம் என்றாள்.

மிஸ் ஆட்லி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீடு போகிறது என்றால் யாராக இருந்தாலும் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள், அதற்காகத் தனக்கு என்மேல் வருத்தமே இல்லை என்றார்.

பிறகு அளக்கும் நாடாவின் ஒரு முனையைக் கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்து, வீட்டு வாசல்வரை நடக்கச் சொன்னார்.