இருபது விநாடி முன்னால்

இதயத் துடிப்பைப் பதியும் ஒரு புதுப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் நான் டெக்னீஷியன். பெட்டியை நோயாளியின் இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவோம். படபடப்பு வந்தால் அதிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அது வந்த பிறகுதான் எல்லாரும் அமுக்குவார்கள்.

தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்கு அந்த வாரம் ஏழு தடவை துடிப்பு தடுமாறியிருந்தது. ஏழு தடவையும் பொத்தான் இருபது விநாடி முன்னாலேயே அமுக்கப்பட்டிருந்தது.

"வரப்போறது உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?"

"பொத்தானை நான் தொடவே இல்லையே தம்பி. வேலையில எனக்கு எங்க கை ஒழியுது?" என்று சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்குத்தான் முன்னாடியே தெரியும். என் மூஞ்சியைப் பார்த்தே, 'மெஷினை விட்டுட்டுப் பேசாம உக்காரு'ன்னு அதட்டுவாரு. அவர் போய் மூணு வருஷமாச்சு."

இயந்திரக் கோளாறு என்று எழுதிவைத்தேன். வேறென்ன எழுத?

பெட்டியை அவிழ்ப்பதற்காக அந்த அம்மா எழுந்து நின்றார். அவருடைய இரண்டு கைகளும் கைப்பையைப் பிடித்திருந்தன. என் கண்ணெதிரே பொத்தான் மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டேன்.

"பேசாம உக்காருங்கம்மா."

"அட, அவர் மாதிரியே அதட்டுறியே!" என்றபடி உட்கார்ந்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு விநாடி இருந்தது.