ஒரே ஒரு டிங்

"அவனுக்கெல்லாம் யாராவது பொண்ணு குடுப்பாளா?" என்று கேட்டுவிட்டு நாகசுப்பிரமணியன் காபி டம்ளரை மேஜைமேல் டிங்கென்று வைத்தார்.

கையில் கரண்டியோடு நின்ற அலமு மகளைப் பார்த்தாள். மகள் அனுசூயா அப்பளத்தைப் பார்த்தாள்.

"யாருக்குன்னா?" என்றாள் அலமு.

"நேத்திக்குக் கச்சேரியில கடைசி வரிசையில உக்காந்திருந்தானே, செம்பட்டைத் தாடி, அவனுக்குத்தான்."

எழுபத்தேழாம் வருஷம் பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் மாலை மூக்கு கழன்று விழுகிற குளிரில், விழாமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டு, கனடாவில் அவர்கள் குடியிருந்த லொங்குய்யிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயிலில் போய் மூவரும் புத்தாண்டுக் கச்சேரி கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். டிக்கெட் கொண்டுவந்தவள் அனுசூயா.

"நூறு பேர் உயிரைக் குடுத்து வாசிக்கறா. டிரம்பெட் ஊதறவன் கன்னம் பூசணிக்காயா வீங்கிடுத்து. இவன் மட்டும் சம்பந்தி மாதிரி கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கான்! கச்சேரி முடியற சமயத்துல மெதுவா எழுந்தான். கோட்டை இழுத்து விட்டுண்டான். ஒரு முக்கோணக் கம்பியைத் தூக்கிப் பிடிச்சான். டிங்! அவ்வளவுதான், திரும்ப உக்காந்துட்டான்."

"அந்த ஒண்ணைச் சரியான இடத்துல அடிக்கணும்ப்பா. அதுவரைக்கும் மனசுக்குள்ள எண்ணிண்டே இருக்கணும். ஒரு நொடி தப்பினா மொத்தமும் போச்சு" என்றாள் அனுசூயா வேகமாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புஸ்தகத்துல படிச்சேன்."

அவள் படித்த புஸ்தகத்துக்குச் செம்பட்டைத் தாடி. பெயர் ரெனே. இன்னும் அரை மணியில் சாப்பிட வரப்போகிறான். லைப்ரரி சிநேகிதர் என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பாயசம் முடிந்ததும், "இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன், நீங்க சரின்னு சொல்லணும்" என்று கேட்டுவிடுவதாக அம்மாவும் பெண்ணும் திட்டம் போட்டிருந்தார்கள். முதலில் மேடையில் பார்க்கட்டும், பார்த்தாலே பாதிச் சம்மதம் வந்துவிடும் என்பது அலமுவின் யோசனை. அந்த யோசனைக்காக அதே கரண்டியால் தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று இப்போது நினைத்தாள்.

"நீங்க மட்டும் என்னவாம்? கடைசிப் பாட்டுக்கு ஊரே கை தட்டித்து. நீங்க ஆதி தாளம்னா போட்டேள்! விரலை எண்ணி, கையைத் திருப்பி... பக்கத்துல இருந்த வெள்ளைக்காரி பயந்து தள்ளி உக்காந்தா."

"பயமா? கத்துண்டா! முழு வரிசையும் சுண்டுவிரலை மடக்கித்து. இன்னொரு பாட்டு இருந்திருந்தா மண்டபமே போட்டிருக்கும்."

"ஆமா, ராணியே பிளேன் ஏறி வந்து போட்டிருப்பா."

"பேச்சை மாத்தாதே. சாம்பார்ல காரத்தைக் குறைச்சியோ? எனக்கு வயிறு சரியில்லே."

"குறைச்சாச்சு. வெறும் பருப்புத் தண்ணிதான்."

"அந்தக் கம்பிக்காரன் ஆத்துக்குப் போனா பொண்டாட்டி என்ன கேப்பா? 'ரொம்பக் களைச்சுட்டேளா'ன்னு கட்டைவிரலுக்குத் தைலம் தேய்ப்பாளோ?"

"போதும்ப்பா." அனுசூயாவின் குரல் உடைந்தது. கண்ணீர் பட்டு நமுத்துவிடாமல் அப்பளத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

நாகசுப்பிரமணியன் சட்டென்று எழுந்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல்படியில் பனி தள்ளப் போனார். பதினோரு வருஷக் கனடா வாழ்க்கையில் மண்வெட்டியைத் தொட்டே அறியாத மனிதர், காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"வந்தவுடனே அந்தத் தாடியைக் கண்டுபிடிச்சுடுவார்ம்மா. மூஞ்சிக்கு நேரே சிரிப்பார். வரவேண்டாம்னு போன் பண்ணிடட்டுமா?"

"இத்தனை நேரம் மெட்ரோ ஏறியிருப்பாண்டி."

அப்பா உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அனுசூயா எழுந்திருக்கவே இல்லை. அவரே கதவைத் திறந்தார்.

தாடியெல்லாம் பனி. கையில் பூங்கொத்து. "நமஸ்காரம், மாமா" என்றான் ரெனே, ஒரு மாதமாகப் பழகிய இரண்டே வார்த்தைகளில்.

நாகசுப்பிரமணியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொன்ன நேரத்துக்கு ஒரு நொடி தப்பலை. வழியெல்லாம் எண்ணிண்டே வந்திருப்பான் போலிருக்கு. அலமு, மாப்பிள்ளை வந்தாச்சு! அவருக்குப் பண்ணின அந்தக் காரமில்லாத சாம்பாரை எடுத்து வை."

கரண்டி கீழே விழுந்தது. அதுவும் டிங்கென்றுதான்.

"அப்பா! உங்களுக்கு எப்படி..."

"மண்டபத்துல மூவாயிரம் பேரும் குச்சி ஆட்டறவரைப் பார்த்தா. நீ ஒருத்திதான் ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருந்த அந்தத் தாடியைப் பார்த்துண்டிருந்தே" என்றார் நாகசுப்பிரமணியன். "நான் எங்கேடி கச்சேரி பார்த்தேன், உன்னைன்னா பார்த்துண்டிருந்தேன்!"