ஸ்பிரிட் பட்ட இசைத்தட்டு

பியூலாவின் கையிலிருக்கும் பஞ்சு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. நர்ஸ் வேலையில் எதையும் ஸ்பிரிட்டால் துடைத்தே பழகியவள், தூசு படிந்த இசைத்தட்டையும் அப்படித்தான் துடைத்தாள். பழைய அரக்குத் தட்டு அதில் கரையும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஜன்னல் வெயிலில் தட்டின் கோடுகள் மழுங்கித் தெரிகின்றன. பக்கத்துத் தெரு எட்மண்ட் சார் தன் மனைவிக்குக் கல்யாணத்தன்று வாங்கித் தந்த ஜாஸ் பாட்டு. மனைவி இறந்து, அவர் வீட்டு கிராமபோனும் உடைந்தபின், தட்டைக் கிராமபோன் இருக்கும் பியூலா வீட்டிலேயே வைத்துவிட்டு வெள்ளிதோறும் பல்லாவரம் சந்தை முடிந்து கேட்க வருகிறார். இதோ, வாசலில் அவர் செருப்புச் சத்தம். "போடும்மா பியூலா." காய்கறிப் பையை இறக்கிவிட்டு நாற்காலி நுனியில் உட்காருகிறார். அவள் கறுத்த பஞ்சை மேஜைக்கடியில் தள்ளிவிடுகிறாள். கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிறாள், ஊசியை இறக்குகிறாள். சர்ரென்று வெறும் இரைச்சல். பாடகியின் குரல் எங்கேயும் இல்லை. அவர் முகத்தையே பார்க்கிறாள். அவர் கண்கள் மூடியிருக்கின்றன. விரல் முழங்காலில் தாளம் தட்டுகிறது. பாடகி வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஒலியாகப் பாடியிருக்க வேண்டிய இடத்தில், "டுபி டுபி டா" என்று அவர் உதடு அசைகிறது. தட்டு சுற்றி நிற்கிறது. "இன்னிக்கு வாய்ஸ் எவ்ளோ கிளியரா இருக்கு பாத்தியா? இன்னொரு தடவை போடும்மா."