ஏ, ஜி, என்

"இந்த மூணு எழுத்தும் வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை அடிங்க, டீச்சர். எது வேணா."

தாமோதரன் ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்தான். அரிசி மில் முதலாளி வேதாசலத்தின் ஜீப் டிரைவர் அவன்.

ஹமீதா அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கத் தேவையில்லை. போன மாதம் அதை டைப் அடித்ததே அவள்தான்.

மில்லில் பாய்லர் வெடித்துப் பவளம் என்ற பெண் செத்துப்போனாள். வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்ததாக எழுதி, கேஸை முடித்துவிட்டார்கள். பவளத்தின் அம்மா செல்லம்மாள் வந்து அழுதபோது, கலெக்டருக்கு ஒரு மனு அடித்துக் கொடுத்தாள் ஹமீதா. கையெழுத்து இல்லாத மனு.

கலெக்டருக்குப் போன அது, எப்படியோ முதலாளியின் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அதில் மூன்று எழுத்துகளைத் தேடித் தேடிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஏ எழுத்துக்கு வால் உடைந்திருந்தது. ஜி வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. என் பாதி மங்கியிருந்தது.

உத்திரமேரூர் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஹமீதாவுடையது ஒன்றுதான். அதில் மிஷின்கள் மூன்று.

மத்தியான பேட்ச் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே வரும்போதே தாமோதரன் கதவைச் சாத்தியிருந்தான்.

ஹமீதா முதல் மிஷினில் தாளைச் செருகி, 'கார்டன்' என்று அடித்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். நம்பர் பிளேட் படிக்கிற அளவுக்குத்தான் அவனுக்கு இங்கிலீஷ். ஆனால் எழுத்தின் உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

"அடுத்த மிஷின். வேற வார்த்தை அடிங்க. அதே வார்த்தைன்னா எது எதுல அடிச்சதுன்னு எனக்குக் கொயம்பிப் பூடும்."

இரண்டாவது மிஷினில் 'ஆரஞ்சு' அடித்தாள். இங்கிலீஷில் அதிலும் ஏ, ஜி, என் மூன்றும் உண்டு. எல்லாம் சுத்தமாக விழுந்தன.

ஜன்னலோரம் இருந்த மூன்றாவது மிஷினைப் பார்த்தான் தாமோதரன்.

"ரிப்பன் தேஞ்சி பூடுச்சி, அது சரியா விழாது" என்றாள் ஹமீதா.

"பரவால்ல. அடிங்க."

நாற்காலியில் உட்கார்ந்தாள். டைப்பிங் லோயர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் நூறு வார்த்தை சொல்லித் தருகிறவள். இப்போது ஒன்றும் வரவில்லை.

மேனேஜர் என்ற வார்த்தை வந்தது. அது மனுவில் இருந்தது. 'அகெய்ன்' வந்தது. அதுவும் மனுவில் இருந்தது. தேடப் போன இடத்திலெல்லாம் அந்த மனுவே வந்து நின்றது.

கீழே நூல்கடையில் அவளுடைய தகப்பனார் அத்தாவுல்லா யாருக்கோ நூல்கண்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இதுவா, இன்னும் கொஞ்சம் வெளிறினதா என்று கேட்பது மாடிக்குக் கேட்டது. அந்தக் கடையை ஒரு ராத்திரியில் ஒன்றுமில்லாமல் பண்ணிவிட வேதாசலத்தால் முடியும்.

விரல்கள் தாமாகவே அடித்தன.

'டேஞ்சர்.'

கார்டனில் இருந்த அதே ஆறு எழுத்துகள். பாய்லர் பக்கத்தில் அப்படியொரு போர்டுகூட வைக்கவில்லை என்று மனுவில் அவளே எழுதியிருந்தாள்.

தாமோதரன் தாளை உருவி, மனுவின் பக்கத்தில் வைத்தான். வால் உடைந்த ஏ. கீழே இறங்கிய ஜி. பாதி மங்கிய என்.

"இதான்" என்றான்.

"எங்க அப்பாவுக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க." என்றாள் ஹமீதா.

 அவள் அடித்த தாளைத் தாமோதரன் இரண்டாகக் கிழித்தான். பிறகு நாலாக, எட்டாக. துண்டுகளைக் காக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல கணக்குப்பிள்ளை வருவாரு. இந்த மனுவை அவருக்குத் தெரியாம எடுத்துகினு வந்தேன். அவரும் இதே மாதிரிதான் அடிக்கச் சொல்லிக் கேப்பாரு. இந்த மிஷினை இன்னிக்கே காஞ்சிபுரத்துக்கு ரிப்பேருக்கு அனுப்பிடுங்க. எழுத்தை மாத்திகினு வரட்டும்."

ஹமீதாவுக்கு அவன் சொல்வது உடனே புரியவில்லை.

"இன்னொரு மனு அடிக்கணும், டீச்சர். மொத மிஷின்ல அடிங்க. இந்தத் தபா மெட்ராஸுக்கு, மந்திரிக்கே. மொதலாளியை இட்டுகினு போறப்ப நானே அங்க போஸ்ட் பண்ணிடறேன்."

"இதே மாதிரியா?"

"இல்ல. இதுல தப்பு கீது." அவன் குரல் தாழ்ந்தது. "கணக்குப்பிள்ளை மொதலாளிக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டறப்ப நான் வாசப்படியாண்ட நின்னுகினு இருந்தேன். ஒரு பொண்ணுன்னு போட்டிருக்கீங்க. செத்தது ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் நான்தான் ஜீப்புல ஏத்திகினு போனேன்."

ஹமீதா எழுந்து முதல் மிஷினுக்குப் போனாள். புதுத் தாளைச் செருகினாள். அது கோணலாகப் போனது. எடுத்து மறுபடி செருகினாள்.

"அந்த இன்னொரு பொண்ணு பேரு இன்னா?"

தாமோதரன் மேசைமேல் இருந்த பழைய மனுவை மடித்தான்.

"தெரியலீங்க. தாமல் ஊருப் பக்கத்துப் பொண்ணு. அன்னிக்குத்தான் வேலைக்கு வந்திச்சு. பேரு யாரும் கேக்கல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கையில பச்சை வளையல் போட்டுகினு இருந்திச்சு. புதுசு. அதையாவது மனுவுல போடுங்க."