கொடிக்காரனின் வாய்

"யோவ் பெருசு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இன்னும் ரெண்டு வேகன் தூரம் கிடக்கு, வா! ஒரு வேகன்... அரை வேகன்... மெல்ல, மெல்ல... நில்லுய்யா! மாமியார் வீட்டுக்கா ஓட்டிட்டுப் போறே?"

கிழட்டு டீசல் எஞ்சின் கரும்புகையைக் கக்கிவிட்டு, சரக்குப் பெட்டியில் இடித்தும் இடிக்காமலும் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

புதிதாக வந்திருந்த யார்டு மேலாளருக்குக் காது கூசியது.

ஊருக்கு நடுவே நாலைந்து ஆலைகளை இணைக்கும் குட்டி ரயில் பாதை அது. எஞ்சின்கள் எல்லாமே மேலாளரைவிட வயதில் மூத்தவை. நடந்து போகிறவர் முந்திவிடலாம், அந்த வேகம்தான்.

விதிமுறைப் புத்தகத்தின்படி, கொடிக்காரர் என்பவர் வாயைத் திறக்கவே தேவையில்லாத ஓர் ஊழியர். பச்சைக் கொடி அசைந்தால் வண்டி வரும், சிவப்புக்கு நிற்கும். இவனோ இரண்டு கொடிகளையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் வாயாலேயே நடத்தினான். சாலையைக் கடக்கும்போதும் எஞ்சினுக்கு முன்னால் நடந்தபடியே அர்ச்சனை. அதுவும் யாரை? அப்பா வயதுள்ள டிரைவரை!

மேலாளர் எஞ்சினருகே போனார்.

"எப்படிங்க இதைப் பொறுத்துக்கிறீங்க?"

"அவன் வாய் அப்படித்தான் சார். பழகிப்போச்சு."

"வீட்ல சம்சாரம் படுத்த படுக்கைன்னு கேள்விப்பட்டேன். சமைச்சு, ஊட்டிவிட்டு வர்றீங்க. இங்க வந்து இதையும் வாங்கிக் கட்டிக்கணுமா?"

"இந்த வேலை இருக்கிறதாலதான் சார் அவளுக்கு மருந்து வருது. அவன் இல்லேன்னா எனக்கு வேலை ஓடாது. விட்டுடுங்க."

என்ன பெருந்தன்மை! மேலாளர் உருகிப்போனார். பெரியவர் கைப்பிடியையும் படியையும் மெல்லத் தடவிக்கொண்டே எஞ்சினில் ஏறினார். இரும்பின் மேல்கூட எவ்வளவு பாசம்!

மேலாளர் கொடிக்காரனைத் தம் அறைக்கு வரச் சொன்னார்.

"டேய், பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசத் தெரியாதா உனக்கு?" மரியாதை பற்றிய உரையை 'டேய்' என்று தொடங்கியதை அவரே கவனிக்கவில்லை. "நாளையிலேர்ந்து உனக்குக் கிடங்குல மூட்டை தூக்கற வேலை."

கொடிக்காரன் சிரித்தான். "மூட்டைங்க பாவம் சார், திருப்பித் திட்டாது."

மேலாளர் சிரிக்கவில்லை. கொடிக்காரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், நிஜமாவா? வேணாம் சார். எதை வேணா பண்ணுங்க, அந்த எஞ்சினை விட்டு மாத்தாதீங்க."

"ஏன்? திட்ட வேற ஆள் கிடைக்காதா?"

"திட்டல சார். இனிமே 'ஐயா', 'சாமி'ன்னே கூப்பிடுறேன். ஆனா சத்தமாக் கூப்பிட விடுங்க."

"சத்தமே கூடாது. கொடி எதுக்குக் குடுத்திருக்கு?"

"கொடி அவருக்கு..."

"அவருக்கு என்ன?"

கொடிக்காரன் வாயைத் திறந்தான். அந்த யார்டில் அவன் வாய் சொல்லில்லாமல் மூடிக்கொண்டதை அன்றுதான் பார்க்க முடிந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

"மறுபடி அந்த எஞ்சின் பக்கம் உன்னைப் பார்த்தேன், கிடங்கும் கிடையாது. கேட்டுக்கு வெளியேதான்."

அவன் இரண்டு கொடிகளையும் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். இத்தனை வருடத்தில் அவற்றின் மடிப்புகூடக் கலையவில்லை.

மேலாளர் நல்ல செய்தியைத் தாமே போய்ச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்குத் தங்கமான ஒரு ஆளைப் போட்டிருக்கேன். அமைதியானவர். இனிமே யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க."

டிரைவரின் முகம் வெளுத்தது.

"ஒரு வார்த்தைகூடவா சார்?"

"ஒரு வார்த்தைகூட!"

பெரியவரின் கண்கள் கலங்கின. நன்றி சொல்லக்கூட வார்த்தை வரவில்லை பாவம் என்று மேலாளர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை, நல்ல வெயில். புதிய கொடிக்காரர் துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்தார். எஞ்சினுக்கு நேர் எதிரே, தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றார். இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்பதால் டிரைவருக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டார். பிறகு பச்சைக் கொடியை உயர்த்தி, விதிமுறைப் புத்தகத்துப் படம் உயிர் பெற்றதுபோல் அழகாக அசைத்தார்.

எஞ்சின் நகரவில்லை.

மறுபடி அசைத்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது.

தொலைவில், கிடங்கு வாசலில், தோளில் மூட்டையோடு ஒருவன் அசையாமல் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலாளர் எஞ்சினருகே போய் அண்ணாந்து பார்த்தார். டிரைவரின் கை விசைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தது. நேர் எதிரே கொடி ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா, கிளம்பலாமே?"

குரல் வந்த திசைக்கு டிரைவர் முகத்தைத் திருப்பினார். கும்பிடுவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கிளம்பிடலாம் சார்... அந்தப் புதுத் தம்பி வந்து நின்னாச்சான்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க."